கரி வெள்ளையாகும் வரை

கரி பிடிக்கவில்லை. இது நான்காவது தீக்குச்சி. காகிதம் மட்டும் எரிந்து கருத்துச் சுருண்டு, கரித்துண்டுகளின் இடுக்கில் விழுந்து அணைந்துபோகிறது. இவ்வளவு பெரிய மொட்டைமாடியில் புகை என் முகத்தைத் தேடித்தான் வருகிறது. காலையில் கரி வாங்கும்போதே இஸ்திரி போடும் அய்யாவு சொன்னார். "நேத்து பேஞ்ச மழையில மூட்டை லேசா நனைஞ்சிருக்கு தங்கச்சி. ரெண்டு மணி நேரம் வெயில்ல கொட்டி வையி. ரெண்டு கொட்டாங்கச்சியை அடியில போட்டு ஏத்து, அப்பத்தான் நிக்கும்." சரி என்று தலையாட்டினேன். வெயிலில் கொட்டவில்லை, கொட்டாங்கச்சியும் தேடவில்லை. கரி பற்றவைக்கத் தெரியாதா எனக்கு என்று இருந்தது. தெரியாது. நாற்பத்திரண்டு வயதில் ஒரு தடவைகூடக் கரி பற்றவைத்ததில்லை. காஸ் அடுப்பின் குமிழைத் திருகியே பழகிய கை. ஆனால் அவள் பற்றவைக்கிறாள். கோயம்புத்தூரில், தோட்டம் வைத்த வீட்டில், மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷைலஜா கரி பற்றவைக்கிறாள். என் மகள் பக்கத்தில் நின்று விசிறுகிறாள். விசிறுகிறாளா என்று எனக்குத் தெரியாது. மிதிலா அப்படி எதுவும் சொல்லவில்லை. நானாக அவள் கையில் ஒரு விசிறியைக் கொடுத்து இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கப் பார்க்க அந்தத் தோட்டத்தில் சாமான்கள் கூடிக்கொண்டே போகின்றன. முதலில் ஒரு வேப்பமரம் மட்டும் இருந்தது. பிறகு ஒரு கல் மேடை வந்தது. போன வாரம் ஊஞ்சல் வந்துவிட்டது. மிதிலாவின் அப்பா குமரகுருவுக்கு ஊஞ்சல் ஆகாது, தலை சுற்றும். இருந்தும் அவனை அதில் உட்காரவைத்தேன். ஐந்தாவது குச்சி. இந்த அடுப்பு பெட்டியில் துண்டுதுண்டாக வந்தது, நான்கு கால், பதினாறு திருகாணி, குவிந்த ஒரு மூடி. நேற்று மிதிலா பள்ளித் தோழி வீட்டுக்குப் போயிருந்தபோது தனியாக உட்கார்ந்து பூட்டினேன். ஒரு கால் குட்டையாக நிற்கிறது. அதற்கடியில் போன வருஷ காலண்டர் அட்டையை மடித்து வைத்திருக்கிறேன். ஷைலஜாவின் அடுப்பு ஆடாது. அதுவும் எனக்கு எப்படித் தெரியும்?

முதலில் தெரிந்தது வாசனைதான். மார்ச் மாதம் கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்தவளின் பையைப் பிரித்துத் துணிகளை வாளியில் போடும்போது அந்த மஞ்சள் சட்டையில் புகை வாசனை. கரிப்புகை, அதோடு வெண்ணெய் உருகினாற்போல ஒன்று. சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு குளியலறையில் எவ்வளவு நேரம் நின்றேனோ. குமரகுருவோடு இருந்த பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் சட்டையை நான் முகர்ந்து பார்த்ததில்லை. அவசியம் வரவில்லை. எங்களுக்குள் மூன்றாம் மனுஷி யாரும் வரவில்லை. பேச்சு நின்றுபோனது, அவ்வளவுதான். ஒரு நாள் கவனித்தால் இரண்டு பேரும் மிதிலாவிடம் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம். பிரிந்து இரண்டரை வருஷம் கழித்துத்தான் அவன் வாழ்க்கையில் ஷைலஜா வந்தாள். அவள் என்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் கஷ்டம். எடுத்திருந்தால் அதைச் சொல்லித் திட்டியிருக்கலாம். யாராவது கேட்டால், நல்ல பொம்பளைதான், பிள்ளையை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று நானே சொல்கிறேன். கணவனுக்காகப் பொறாமைப்படாதவள் மகளுக்காகப் படுகிறேன். சட்டையை முகர்கிறேன், பையைத் துழாவுகிறேன், கேள்வியைச் சுற்றி வளைத்துக் கேட்கிறேன். அங்கே என்ன சாப்பிட்டே. பீட்சா. கடையிலயா. இல்ல, தோட்டத்துல, கிரில்ல. நல்லா இருந்துச்சா. கொஞ்சம் யோசித்து, "பரவால்லம்மா, சுமார்தான்." அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அந்த 'சுமார்தான்' எனக்கு ஒரு வாரம் வந்தது. ஷைலு குழம்புல உப்பே இருக்காது என்று ஒரு தடவை சொன்னாள். அது ஒரு மாதம் வந்தது. ஷைலு. முதலில் ஷைலஜா ஆன்ட்டி. அப்புறம் ஷைலு ஆன்ட்டி. ஆன்ட்டி எந்த மாதம் உதிர்ந்தது என்று என்னால் சொல்ல முடியும். டிசம்பர். ஆனாலும் போனில் பேசும்போது 'நீங்க' என்றுதான் கூப்பிடுகிறாள். என்னை 'நீ' என்கிறாள். அந்த நீங்களை நான் கணக்கில் வைத்திருக்கிறேன். அது இருக்கும்வரை பயமில்லை.

ஆறாவது குச்சியும் போயிற்று. கீழே சமையலறையில் மிதிலா மாவை உருண்டைகளாகப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். எந்த நிமிஷமும் தட்டோடு மேலே வந்துவிடுவாள். வரும்போது அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும். சும்மா, ஏதோ தினமும் செய்கிற வேலை போல நான் நின்றுகொண்டிருக்க வேண்டும். குறிப்புக் காகிதம் என் நைட்டிப் பையில் இருக்கிறது. அதையும் பையைத் துழாவித்தான் எடுத்தேன், ஏப்ரலில். கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள். மிதிலாவின் கையெழுத்து. மைதா, ஈஸ்ட், உப்பு, ஆலிவ் எண்ணெய். மாவைப் பிசைந்து ஒரு நாள் முழுக்க ஃப்ரிட்ஜில் வைக்கணும். வலைக்கு எண்ணெய் தடவணும். கரியை ஒரு பக்கமாத் தள்ளணும். முதலில் வெறும் மாவு, ஒரு பக்கம் வெந்ததும் திருப்பிப் போட்டு, வெந்த பக்கத்தில் சாஸ், சீஸ். மூடணும். ஓரத்தில் ஓர் அடுப்புப் படம். புகைக்குச் சுருள் சுருளாக மூன்று கோடு, மூடியின் கைப்பிடிக்குக்கூட நிழல் தட்டியிருந்தாள். சுமாராக இருந்த ஒன்றுக்கு யாராவது நிழல் தட்டுவார்களா? தாளின் அடியில் வேறொரு கையெழுத்து. 'கரி வெள்ளையாகும் வரை காத்திரு.' அந்தக் கையெழுத்தை நான் அழகாக எதிர்பார்த்திருந்தேன். அழகாக இல்லை. எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்து ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. அது எனக்குச் சந்தோஷமாகவும் இல்லை. ஒரு அசிங்கமான கையெழுத்தைக்கூட என் பெண் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறாளே என்றுதான் இருந்தது. நாமும் இங்கே செய்யலாமா என்று நான் கேட்டபோது, "எதுக்கும்மா, வேணாம். உனக்கு வேலை" என்றாள். எனக்கு வேலை என்பதற்காகவா, அது அங்கே மட்டும் இருக்கட்டும் என்பதற்காகவா? அன்றைக்கே போனில் அடுப்புக்குச் சொல்லிவிட்டேன்.

ஜெயித்துவிட்டவளுக்கு எதற்கு அடுப்பு? அதுதான் எனக்கே புரியவில்லை. நான் ஜெயித்துத்தான் இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு மிதிலா கோயம்புத்தூர் வந்துவிடட்டும் என்று குமரகுரு கேட்டான். அங்கே ஒரு பள்ளியில் ஓவியத்துக்கென்று தனியாக வகுப்பு இருக்கிறதாம், இடம் கிடைத்திருக்கிறதாம், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டுமாம். விடுமுறைகளில் திருச்சிக்கு வந்து என்னோடு இருப்பாளாம். அதாவது எல்லாம் திரும்பிக்கொள்ளும். இப்போது அவன் இருக்கிற இடத்தில் நான் இருப்பேன், மாதத்துக்கு ஒரு சனி ஞாயிறு. அவன் தன்மையாகத்தான் எழுதியிருந்தான். 'அவள் முடிவு செய்யட்டும். நாம் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவேண்டாம்.' நான் ஒன்றும் சொல்லவில்லை. புதன்கிழமை காலை அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லாமல், நீ என்ன நினைக்கிறே என்று மட்டும் கேட்டேன். கேட்கும்போது பின்னலை இறுக்கிப் பிடித்திருந்தேன் போலிருக்கிறது, அவள் தலை பின்னால் சாய்ந்தது. முன்னால் இருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். பிறகு, "எனக்கு இங்கதான்மா இருக்கணும். அங்க போரடிக்கும்" என்றாள். அவ்வளவுதான், முடிந்தது. அந்த வாக்கியத்தை நான்கு நாளாக வாயில் போட்டு அடக்கிவைத்திருக்கிறேன். லேபில் வருகிறவர்களுக்கு ரத்தம் எடுக்கும்போது, பஸ்ஸில், பல் தேய்க்கும்போது. இங்கதான்மா இருக்கணும். நாளைக்குத் திங்கட்கிழமை. நாளைக் காலை அவன் போன் செய்வான், அவள் சொல்லிவிடுவாள். இருந்தும் இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் புகையில் கண் எரிய நின்றுகொண்டிருக்கிறேன். ஏனென்றால் அங்கே அவளுக்குக் கிடைக்கிற ஒன்றுகூட இங்கே இல்லாமல் இருக்கக்கூடாது. அவள் இங்கே இருப்பது போதாது. அங்கே இல்லாமல் போனதை அவள் நினைக்கவும் கூடாது. இப்படியெல்லாம் நினைக்கிறவளை நான் வேறொருத்தியாகப் பார்த்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன்.

படியிறங்கி ஓடிப்போய் பூஜை அலமாரியைத் திறக்கிறேன். சூடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது, கார்த்திகைக்கு வாங்கியது, பெரிய வில்லைகள். சமையலறையிலிருந்து மிதிலா, "அம்மா, ரெடியா?" என்கிறாள். "ஆச்சு, ஆச்சு" என்று டப்பாவை முந்தானை இல்லாத நைட்டியில் எங்கே மறைப்பது என்று தெரியாமல் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு படியேறுகிறேன். எதற்கு மறைக்கிறேன்? அய்யனார் கோயிலில் மண்சட்டி நிறையக் கரியைப் போட்டு மேலே ரெண்டு வில்லை சூடத்தை வைத்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். பார்த்திருக்கிறேன். நம் ஆட்களுக்குத் தெரிந்த வழி அது. அவளுக்கு வெள்ளையாகும்வரை காத்திருக்கத் தெரிந்தால் எனக்குச் சூடம் வைக்கத் தெரியும். நான்கு வில்லை வைத்தேன். நீலமாக எழும்பி மஞ்சளாக நின்றது சுடர். அழகாக இருந்தது. இன்னும் நான்கு. இடுக்குகளில் ஆழமாகத் திணித்தேன். ஈரக்கரி வெடித்தது, ஒரு பொறி மணிக்கட்டில் பட்டது. ஓரங்கள் சிவந்தன. வலையை வைத்து எண்ணெய் தடவி மூடியைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தபோது கீழ்வீட்டு ராஜாத்தி அக்கா துணி எடுக்க மேலே வந்துகொண்டிருந்தாள். வீட்டுக்காரி. கொடியில் கிடந்த பாவாடையை உதறிக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். "என்ன மங்கை, மாடியில வச்சு என்ன பூசை? சூட வாசனை எங்க சமையக்கட்டு வரைக்கும் வருது."

"பூசை இல்லக்கா. பீட்சா."

"அதுக்குச் சூடம் காட்டணுமா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தாள். "இல்ல, எனக்குத் தெரியாதுல்ல, அதான் கேட்டேன். மொட்டமாடித் தரை வெடிச்சிடாம பாத்துக்க."

அவள் இறங்கிப் போகவும் மிதிலா தட்டோடு ஏறி வரவும் சரியாக இருந்தது. படியில் இரண்டு பேரும் ஏதோ சொல்லிக்கொண்டு சிரித்தார்கள். என்ன சொன்னாள் அக்கா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. தட்டில் நான்கு உருண்டைகள், ஈரத்துணி போர்த்தியிருந்தாள். மாவு ஒரு நாள் ஃப்ரிட்ஜில் இருக்கவேண்டும் என்று தாளில் இருந்தது. திருச்சி வெயிலில் இட்லிமாவுக்குப் பார்க்கிற கணக்கில் நான் இரண்டு மணி நேரம் வெளியில் வைத்துவிட்டேன், பொங்கி டப்பாவின் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. மிதிலா அதைப் பார்த்துவிட்டு, உருண்டைகளாகப் பிரிப்பதற்கு முன்னால் என் எதிரிலேயே அழுத்திப் பிசைந்து காற்றை எடுத்தாள். எவ்வளவு பழகிய கை. உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி, மடித்து, கால் வட்டம் திருப்பி, மறுபடி தள்ளி. எனக்கு அந்தக் கை என்னுடையது என்று தெரியும், விரல்களின் நீளம், கட்டைவிரல் நகத்தின் அகலம். ஆனால் அந்த அசைவு என்னுடையது இல்லை. யாரோ பின்னால் நின்று இரண்டு கைகளையும் பிடித்துச் சொல்லிக்கொடுத்த அசைவு. என் கையை யாரோ இரவல் வாங்கி வேறு வேலை பழக்கி அனுப்பியிருக்கிறார்கள். "கல்லு மாதிரி உருட்டாதம்மா, நடுவுல அழுத்து, ஓரத்தை விட்டுடு" என்கிறாள். நான் சப்பாத்திபோலத் தேய்க்கப் போனேன். அவள் என் கையிலிருந்து வாங்கி இரண்டு முஷ்டிகளின் மேல் மாவைத் தொங்கவிட்டுச் சுற்றினாள், அது தானாக விரிந்தது. எங்கே படிச்சே என்று கேட்கவேண்டியதில்லை. முஷ்டி என்றதும் லேப் நினைவுக்கு வந்துவிடுகிறது. முஷ்டியை மூடுங்க, மூச்சை இழுத்து விடுங்க, ஒண்ணும் வலிக்காது, எறும்பு கடிச்ச மாதிரிதான். பதினாறு வருஷமாக ஒரு நாளைக்கு முப்பது தடவை சொல்கிறேன். ஊசியைக் குத்துவதற்கு முன்னால் சின்னதாக ஒரு இடைவெளி விடவேண்டும். குரலைக் கொஞ்சம் தாழ்த்தவேண்டும். அப்போதுதான் நம்புவார்கள். மிதிலா ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது பள்ளி விட்டு லேபுக்கு வந்து மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு வந்து பொம்மையின் கையில் ரப்பர் பேண்டைக் கட்டி, ஒரு நிமிஷம் அதன் முகத்தையே பார்த்து, குரலைத் தாழ்த்தி, வலிக்காது பாப்பா என்பாள். எனக்கும் குமரகுருவுக்கும் அதைப் பார்த்துச் சிரிப்பு தாங்காது. நாங்கள் சேர்ந்து சிரித்தவற்றில் அது ஒன்று.

மாவை வலையில் போட்டதும் சத்தம் வந்தது. கொப்புளங்கள் எழுந்தன. "வந்துருச்சு, வந்துருச்சு" என்று மிதிலா இடுக்கியால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் வலையின் கோடுகள் பழுப்பாக விழுந்திருந்தன. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அங்கே இப்படித்தான் குனிந்து பார்ப்பாள், இப்படித்தான் கன்னத்தில் மாவு ஒட்டியிருக்கும், அதை ஷைலஜா தன் புறங்கையால் துடைத்துவிடுவாள். நான் முந்திக்கொண்டு துடைத்தேன். "விடும்மா, கண்ணுல படுது" என்றாள். திருப்பிப் போட்டாள். வெந்த பக்கத்தில் தக்காளி சாஸ், சீஸ் துருவல், குடமிளகாய், வெங்காயம். மூடச் சொன்னாள். மூடினேன். கரி உள்ளே இன்னும் பாதி கறுப்பாகத்தான் இருந்தது. அங்கங்கே வில்லையின் மிச்சம் வெள்ளையாகத் தெரிந்தது. அவள் அந்த வெள்ளையைப் பார்த்துவிடுவாளோ என்று சட்டென்று மூடினேன். காத்திரு என்று ஷைலஜா எழுதியிருந்தாளே. நான் காத்திருக்கவில்லை. காத்திருக்கிறவளுக்கு நேரம் இருக்கிறது. அவளுக்கு எல்லா ஞாயிற்றுக்கிழமைகளும் இருக்கின்றன. இல்லை, அவளுக்கு மாதத்தில் ஒன்றுதான். எனக்குத்தான் மூன்று. எண்ணிப் பார்த்தால் நான் பணக்காரி. ஆனாலும் அந்த ஒன்றுக்காக மூன்றையும் செலவழித்துக்கொண்டிருக்கிறேன். போய்வந்த ஞாயிறு அங்கே என்ன நடந்தது என்று ஒன்றில் கேட்பேன். போகப்போகிற ஞாயிறு என்ன நடக்கும் என்று இன்னொன்றில் பயப்படுவேன். இதோ மூன்றாவது, அங்கே நடப்பதைப் போலவே இங்கே நடத்திப் பார்க்கிறேன். மூடியின் விளிம்பிலிருந்து புகை கசிந்தது. அதில் சீஸ் உருகும் வாசனை இல்லை. எனக்குத் தெரிந்த வாசனைதான், நன்றாகத் தெரிந்த வாசனை. காற்று வேறு பக்கம் திரும்பினால் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன்.

போகவில்லை. கத்தரிக்கோலால் எட்டாக வெட்டி, கைப்பிடிச்சுவரில் சாய்ந்துகொண்டு முதல் துண்டை அவள்தான் கடித்தாள். அதன் ஓரம் சரியாக வெந்து மொறுமொறுப்பாக இருந்தது, சீஸ் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. பார்க்க எந்தக் குறையும் இல்லை. அவள் மெல்லுவது நின்றது. மறுபடி மெல்ல ஆரம்பித்தது. என்னைப் பார்த்தாள். "அம்மா, நீ சூடமா வச்சே?" நான் ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன். கோயில் தீர்த்தம் நாக்கில் பட்டதுபோல இருந்தது, குளிர்ச்சியாக, அதற்குப் பின்னால் தக்காளி. எரியாத வில்லைகள் மூடிக்குள் ஆவியாகிச் சீஸில் ஏறியிருக்கின்றன. இது தெரியாதா எனக்கு, நாளெல்லாம் ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவளுக்கு. "கரி ஈரமா இருந்துச்சு" என்றேன். "பத்தவே இல்ல." அவள் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறாள். அடக்கிவிட்டாள். அதுதான் என்னவோ செய்தது. வாய்விட்டுச் சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அடக்கிய சிரிப்பு வேறெங்கோ எடுத்துவைக்கப்படுகிறது. அடுத்த மாதம் கோயம்புத்தூரில் அந்தத் தோட்டத்தில் உட்கார்ந்து இவள் சொல்லப்போகிறாள். எங்கம்மா என்ன பண்ணாங்க தெரியுமா, சூடத்தைக் கொளுத்தி. ஷைலஜா வாயைப் பொத்திக்கொண்டு, ஐயோ பாவம் என்பாள். குமரகுரு சிரிப்பான், முதலில் ஒரு இருமல் மாதிரி தொடங்கும் சிரிப்பு, அப்புறம் தோள் குலுங்கும். பதினோரு வருஷம் கேட்டதை இப்போது என்னைப் பற்றிக் கேட்பேன். கேட்கக்கூட மாட்டேன், நடந்தது என்று மட்டும் தெரிந்திருக்கும். அந்த வீட்டில் எனக்கு இதுவரை ஓர் இடமும் இல்லாமல் இருந்தது. இனிமேல் இருக்கும், ஒரு வேடிக்கைக் கதையாக. ஒவ்வொரு தடவை கரி பற்றவைக்கும்போதும் யாராவது ஒருவர், சூடம் வேணுமா என்பார்கள்.

மிதிலாவின் போன் கைப்பிடிச்சுவர் மேல் அதிர்ந்து நகர்ந்தது. திரையில் அந்தப் பெயர். பீட்சா செய்யப்போவதைச் சொல்லியிருக்கிறாள். சொல்லியிருக்கத்தான் செய்வாள், அதனால் என்ன. என்னைப் பார்த்தாள். "எடு" என்றேன். ஸ்பீக்கரில் போட்டாள், மாவுக் கையோடு. அந்தக் குரலை நான் மூன்று தடவைதான் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் கரகரப்பு, தொண்டை கட்டியவள் போல. "மிது, கரி நல்லா வெள்ளையாச்சா? மாவு ஒட்டிக்கிச்சா வலையில?" என்றாள். "இல்ல, ஒட்டல" என்றாள் மிதிலா. "அம்மா சாப்பிட்டாங்களா? பிடிச்சுதா அவங்களுக்கு? எப்படி வந்துச்சு சொல்லு, நான் இங்க காலையிலேர்ந்து நினைச்சுக்கிட்டே இருக்கேன்." நான் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றேன். இதோ இப்போது. மிதிலா கையிலிருந்த கடித்த துண்டைப் பார்த்தாள். சின்னதாக ஒரு இடைவெளி. குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "சூப்பரா வந்துச்சு ஷைலு. அம்மா நீங்க பண்றதைவிட நல்லாப் பண்ணிட்டாங்க."

என் மனம் முதலில் குதிக்கத்தான் செய்தது. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் பக்கம். நீங்க பண்றதைவிட என்றாளே, அதையும் எடுத்துவைத்துக்கொண்டேன், எத்தனை நாள் வரும் இது. அதற்குப் பிறகுதான் அந்த இடைவெளி காதில் விழுந்தது. அது முடிந்த பிறகு கேட்டது. முகத்தையே ஒரு கணம் பார்ப்பது, மூச்சை விடுவது, குரலைத் தாழ்த்துவது. ஒண்ணும் வலிக்காது. இந்தக் குரல் எனக்குத் தெரியும். இது ஷைலஜா சொல்லிக்கொடுத்தது இல்லை. இது மட்டும் முழுக்க என்னுடையது, மூலை ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எடுத்துக்கொண்டது. பரவால்லம்மா, சுமார்தான். அதற்கு முன்னாலும் இந்த இடைவெளி இருந்தது. ஷைலு குழம்புல உப்பே இருக்காது. அதற்கு முன்னாலும். எதுக்கும்மா, உனக்கு வேலை. நான் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்ப் பார்க்கிறேன், எல்லாவற்றிலும் இருக்கிறது, ஒன்றில்கூட இல்லாமல் இல்லை. புதன்கிழமை காலை பின்னல் என் கையில் இறுகியிருக்க, முன்னால் கண்ணாடியில் அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அதை யோசிக்கிறாள் என்று நினைத்தேன். நரம்பு எங்கே இருக்கிறது என்று தேடியிருக்கிறாள். பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு இங்கதான்மா இருக்கணும். நான்கு நாளாக நான் வாயில் அடக்கி வைத்திருந்தது அது. பதின்மூன்று வயதுப் பிள்ளை எத்தனை பேருக்கு எத்தனை தடவை எறும்பு கடித்த மாதிரி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். போனில் அந்தக் கரகரத்த குரல், "நெஜமாவா? அப்ப நான் இனிமே அடுப்பை எடுத்து உள்ள வச்சிட வேண்டியதுதான்" என்று சிரிக்கிறது. அந்தச் சிரிப்பிலும் ஏதோ ஒன்று லேசாக இறங்கிவிட்டது எனக்குக் கேட்டது. நான் அதை அறிவேன். அவளும் என்னைப் போல இவளிடமிருந்து ஏதோ ஒன்றை எதிர்பார்த்துக் காலையிலிருந்து நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"சூடம் வச்சேன்னு சொல்லு" என்றேன்.

மிதிலா திரும்பினாள். போனைக் கையால் மூடிக்கொண்டு, "என்னம்மா?" என்றாள்.

"பெரிய வில்லையா எட்டு சூடம் வச்சுப் பத்தவச்சேன், பீட்சா பூரா கோயில் வாசனைன்னு சொல்லு. சும்மா சொல்லு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவசரப்படவில்லை. கண், வாய், மறுபடி கண். ரத்தம் எடுக்க வந்தவர்களில் சில பேர் நான் வலிக்காது என்று சொன்ன பிறகும் இப்படித்தான் என்னைப் பார்ப்பார்கள், பொய்யா நிஜமா என்று. நான் இடைவெளி விடக்கூடாது, குரலைத் தாழ்த்தக்கூடாது. "சொல்லுடி" என்றேன், சாதாரணமாக. வெளியில் அது சாதாரணமாக வந்ததா தெரியாது. என் முகத்தை நான் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். கையைக்கூடப் பிடித்துவிடலாம், முகத்தைப் பிடிப்பது கஷ்டம். அவள் போனிலிருந்து கையை எடுத்தாள். "ஷைலு, நெஜத்தைச் சொல்லட்டா? அம்மா கரி பத்தலேன்னு சூடத்தைப் போட்டுட்டாங்க. பெரிய வில்லை. எட்டு. பீட்சா பிரசாதம் மாதிரி இருக்கு." சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே தாங்கவில்லை. அடக்கிவைத்ததெல்லாம் வந்துவிட்டது, கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். அந்தப் பக்கம் ஷைலஜா எதுவோ சொன்னாள், வார்த்தை புரியவில்லை, சிரிப்பும் இருமலுமாக. யாரையோ கூப்பிட்டுச் சொல்கிறாள். பிறகு தூரத்திலிருந்து அந்த இருமல், அது நீண்டு சிரிப்பாவது. பதினோரு வருஷம். நான் நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. எறும்பு என்று சொல்லமுடியாது. அதைவிட அதிகம்தான், ஆனால் நின்றுகொண்டிருக்க முடிந்தது. "போ ஷைலு, நீ முதல் தடவை பண்ணப்ப மாவு வலைக்குள்ள விழுந்துடுச்சுல்ல, நீ சிரிக்கக்கூடாது" என்று மிதிலா சொல்லிக்கொண்டிருந்தாள். நீ. அதுவும் எனக்காகத்தான் இவ்வளவு நாள் நீங்களாக இருந்திருக்கிறது. அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். ராஜாத்தி அக்கா கீழிருந்து, "என்ன, சாமி வந்துடுச்சா யாருக்காவது?" என்று குரல் கொடுத்தாள்.

போனை வைத்த பிறகும் அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மூடியைத் திறந்தேன். சூடம் முழுக்க எரிந்து தீர்ந்திருந்தது. கரித்துண்டுகள் ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய சாம்பல் படிந்து, கருப்பே தெரியாமல், வெள்ளையாக இருந்தன. கையை மேலே காட்டினேன், சூடு நிதானமாக ஏறி வந்தது. இடுக்கியால் அவற்றை ஒரு பக்கமாகத் தள்ளினேன். தட்டில் இன்னும் மூன்று உருண்டைகள் இருந்தன. ஒன்றை எடுத்து நடுவில் அழுத்தினேன், ஓரத்தை விட்டுவிட்டேன். மிதிலா பக்கத்தில் வந்து நின்று, வலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "அம்மா, அந்த ஸ்கூல் இருக்குல்ல" என்றாள். இடைவெளி எதுவும் இல்லை. குரல் அவளுடைய குரலாகவே இருந்தது, கொஞ்சம் நடுங்கிக்கொண்டு.

மாவை இரண்டு முஷ்டிகளின் மேல் தொங்கவிட்டேன். அது விரிய ஆரம்பித்தது. "சொல்லு" என்றேன்.